மேல்மாடி ஷார்ட்ஸ்டாப்

அந்த ஜூலை மாதம் பஃபலோ நகரத்தில் யாருக்கும் வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. பல் டாக்டர் வாய்க்குள் கருவியை நுழைத்துக்கொண்டே கேட்டார். பாதிரியார் பூசை முடிந்து படியிறங்கும்போது கேட்டார். கட்டிய மனைவியின் பிறந்தநாளை ஒரு வருடமாவது நினைவில் வைத்திருக்காத ஆண்கள், சாராயக்கடையில் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டார்கள். "பிராடியைக் குடுக்கலாமா, கூடாதா?"

பிராடி ஹாஸ்கெட் நகரத்து பேஸ்பால் அணியான மில்லர்ஸின் ஷார்ட்ஸ்டாப். மைதானத்தில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவில் நின்று, போகிற வருகிற பந்தையெல்லாம் பாய்ந்து பிடித்து எறிவது அவன் வேலை. வயது இருபத்து மூன்று. மில்லர்ஸ் பிறந்த நாளிலிருந்து எதையும் ஜெயித்ததில்லை. அதிசயமாக இந்த வருடம் ஜெயிக்கும்போல் இருந்தது. அதற்கு, மட்டைக்காரனுக்குப் பந்து எறிகிற ஒரு நல்ல பிட்சர் மட்டும் குறைச்சல். சான்டியேகோ அணியிடம் ரஸ் டெனிங்கர் என்ற பிட்சர் இருந்தான். வயது முப்பத்து நாலு, இடுப்பு வலி, ஆனாலும் பந்து போட்டால் எதிரே மட்டையோடு நிற்பவன் ஓரடி பின்னால் நகருவான். அவனைக் கொடுக்கிறோம், பையனைக் கொடுங்கள் என்றது சான்டியேகோ. ஜூலை கடைசி நாள் மாலைக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு எந்த அணியும் யாரையும் மாற்றிக்கொள்ள முடியாது.

பெர்னடீன் குயாவாவுக்கு இந்தக் கேள்வியில் பேஸ்பால் என்பது எந்த மூலையிலும் இல்லை. பிராடி அவள் மாப்பிள்ளை. கெய்சர்டவுனில் அவளுடைய இரண்டு குடித்தன வீட்டின் மேல்மாடியில், அவள் மகள் கிரிஸ்டாவோடும் எட்டு மாதப் பேத்தி வாண்டாவோடும் குடியிருந்தான். அவனைக் கொடுத்தால் அவர்களும் போவார்கள். அவளுக்கு இதில் புரிய வேண்டியது அவ்வளவுதான்.

பெர்னடீனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசைதான். உழைப்பாளி. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் முப்பது வருடம் கரண்டி பிடித்தவள். வெள்ளிக்கிழமை மாதா கோயில் மண்டபத்தில் மீன் பொரிக்கும்போது அவள் மாவு கரைக்காவிட்டால் கூட்டம் பாதியாகிவிடும். ஆனால் அவள் கண்ணுக்கு உருப்படியாகத் தெரிந்த மனிதன் உலகத்தில் ஒருவன்கூட இல்லை. கணவன் ரானி மூட்டு வலிக்கு வெயில் நல்லது என்று ஃபுளோரிடா போனான். மூட்டு சரியானதும் அங்கேயே வேறொருத்தியோடு நின்றுவிட்டான். "அவனுக்கு மூட்டு மட்டும்தான் வலிச்சுது, மூளை எப்பவோ போயிடுச்சு" என்று ஊரெல்லாம் சொன்னாள். பெரிய மகன் ஃபீனிக்ஸ் போனான், சின்னவன் சார்லட் போனான். பஃபலோவில் பனி கொட்டுகிறது, வேலை இல்லை என்று காரணம் சொன்னார்கள். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்தார்கள். அவள் போனில் என்ன பேசுவாள் என்று தெரிந்தவர்களுக்கு, வருடத்துக்கு ஒரு தடவை என்பதே பெரிய தைரியம் என்று தோன்றும்.

மிச்சம் இருந்தது கிரிஸ்டா. அவளைப் பெர்னடீன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். ஓக்லஹோமாக்காரன் ஒருவன் பெண் கேட்டு வந்தபோது, அவன் பந்து விளையாடுகிறவன் என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் மரியாதை வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எங்க குடியிருப்பீங்க?"

"எங்க சொல்றீங்களோ அங்க, அத்தை" என்றான் பிராடி.

அந்தப் பதிலுக்காகத்தான் பெண்ணைக் கொடுத்தாள். பெரிய அணியான மில்லர்ஸுக்கு வந்து பணம் புரள ஆரம்பித்த பிறகும் அவர்கள் மேல்மாடியை விட்டு நகரவில்லை. ஏரிக்கரையில் பளிங்கு வீடு வாங்க வேண்டியவன், மாமியார் வீட்டுப் பின்படிக்கட்டில் குனிந்து குனிந்து ஏறினான். ஆறடி மூன்று அங்குலம். அந்தப் படிக்கட்டுக்கு மேலே குறுக்கே ஓடும் கட்டைக்கு ஐந்தரை அடிக்கு மேல் மனிதன் இருப்பது தெரியாது. பெர்னடீன் அவனை வாய் நிறைய 'மரம்' என்றுதான் கூப்பிடுவாள். குளிர்பெட்டியைத் திறந்து முன்னால் இருக்கும் வெண்ணெயைத் தேடி நிற்பான் அவன். "ரெண்டு தளத்துக்கு நடுவுல பந்து கண்ணுக்குத் தெரியுது, ரெண்டு பாட்டிலுக்கு நடுவுல வெண்ணெய் தெரியல" என்பாள். அவன் சிரிப்பான். சிரிக்கிறவனை மட்டமாக நினைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது.

கறிக்கடை ஸெனன்தான் அவளுக்கு வழி காட்டினான். வேண்டுமென்று அல்ல, வாயை மூடத் தெரியாததால். கடையில் வழக்கமான கூட்டம். ஒருவன் டெனிங்கரை வாங்கியே தீர வேண்டும் என்றான். இன்னொருவன் பையனுக்கு இன்னும் ஐந்து வருடம் தானாக மில்லர்ஸைவிட்டு அசைய உரிமை இல்லை, அவனைப் போய் யாராவது கொடுப்பானா என்றான். இரண்டு பேருமே சொந்தக் காரை விற்றபோது ஏமாந்தவர்கள்.

"என்ன பெர்னி, மாப்பிள்ளை சான்டியேகோ போறாராமே? வருஷம் பூரா வெயிலு. குடுத்து வெச்சவங்க" என்றான் ஸெனன்.

"உன் வாயில ஈயத்தைக் காய்ச்சி ஊத்த. தொத்திறைச்சியை நிறுடா."

"கோவிச்சுக்காதே. நீ நெனச்சா நிறுத்தவா முடியும்? கையில காலுல ஏதாச்சும் கோளாறு இருந்தாத்தான் அந்த ஊர்க்காரன் வேண்டாம்பான். டாக்டரை வெச்சு விரல் விரலாப் பாப்பானுங்க."

பெர்னடீன் மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

போன வாரம்தான் பிராடி தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்கி, படிக்கட்டுக் கட்டையில் முழங்கையை இடித்துக்கொண்டு, அவள் சமையலறையில் பனிக்கட்டிப் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுநாள் அந்த வலி அவனுக்கே ஞாபகமில்லை. அவளுக்கு இருந்தது.

பஃபலோவில் விளையாட்டு வானொலி என்று ஒன்று உண்டு. காலையிலிருந்து இரவு வரை, அணியை எப்படி நடத்த வேண்டும் என்று ஊரில் உள்ளவர்கள் போன் செய்து சொல்வார்கள். பெயரையும் ஊரையும் சொன்னால் போதும். பெயர் உண்மையா என்று கேட்கிற வழக்கம் இல்லை. பெர்னடீன் தன் நாத்தனார் லொரைனின் பெயரை எடுத்துக்கொண்டாள். ஏதாவது வம்பு வந்தால் அவளுக்கு வரட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

"சீக்டவாகாவுலேர்ந்து லொரைன், சொல்லுங்க" என்றான் நிகழ்ச்சி நடத்தும் கஸ்.

"தம்பி, நான் வெளிப்படையாப் பேசறவ. அந்த ஹாஸ்கெட் பையனுக்கு முழங்கை போச்சு."

"யாருங்க சொன்னது?"

"எனக்குத் தெரிஞ்சவங்க அவங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்காங்க. ராத்திரியில பனிக்கட்டி வெச்சுக்கிட்டுத்தான் தூங்கறானாம். வெண்ணெய் டப்பாவைக்கூடத் தூக்க முடியலையாம், பாவம்."

"வெண்ணெய் டப்பாவையா?"

"கால் கிலோ டப்பா."

கஸ் ஒரு நொடி பேசவில்லை. வானொலிக்காரன் ஒரு நொடி பேசாமலிருந்தால் ஊர் முழுக்க எழுந்து நிற்கும். அன்று சாயங்காலமே எலும்பு டாக்டர் ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முழங்கையில் எத்தனை நரம்பு என்று பேசினார்கள். பெர்னடீன் முட்டைக்கோஸ் இலையில் கறியும் சோறும் வைத்துச் சுருட்டிக்கொண்டே கேட்டாள். வாயெல்லாம் பல். வாழ்நாளில் அவள் பேச்சை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகக் கேட்டது அதுதான் முதல் தடவை.

ருசி கண்டுவிட்டாள். மறுநாள் வெஸ்ட் செனகாவிலிருந்து ஐரீன் ஆனாள். அதற்கடுத்து லாக்கவானாவிலிருந்து, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, ஸ்டான் என்ற ஓய்வுபெற்ற இரும்பாலைத் தொழிலாளி ஆனாள். மூன்று பேருக்கும் வெண்ணெய் டப்பா தெரிந்திருந்தது. கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் மூன்று பேர் ஒரே விஷயத்தைச் சொன்னால் அது பொய் என்று இந்த ஊரில் யாரும் நினைப்பதில்லை, மூன்று சாட்சி என்றுதான் நினைப்பார்கள்.

மைதானத்தில் கதை வேறு மாதிரி போயிற்று. போன வாரம் வரை பிராடி பேரை முதுகில் போட்டுக்கொண்டு திரிந்தவர்கள், அவன் பந்தை எறியும் ஒவ்வொரு தடவையும் "ஐயோ, கை! ஐயோ, கை!" என்று கூவினார்கள். ஒருவன் பெரிய வெண்ணெய் டப்பா வேஷம் போட்டுக்கொண்டு வந்தான். நம்ம ஊர் ரசிகர்களைப் போல விசுவாசமானவர்கள் கிடையாது என்று பேப்பரில் எழுதுவார்கள். அந்த விசுவாசத்துக்குக் கால் கிலோ எடைகூட இல்லை என்று அந்த வாரம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கீழ்வீட்டில் சாப்பாடு. பிராடி சத்தமில்லாமல் சாப்பிட்டான். கிரிஸ்டா குழந்தைக்கு மசித்த உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏன் மரம், முகம் தொங்குது?" என்றாள் பெர்னடீன்.

"ஒண்ணுமில்ல அத்தை. மில்லர்ஸ் ஆபீஸ்ல கூப்பிட்டுக் கையைப் பத்திக் கேட்டாங்க. டாக்டர் பாத்தாரு, படம் எடுத்தாங்க."

"படத்துல என்ன தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியல. ஆனா சான்டியேகோக்காரங்க பயப்படறாங்களாம். கொஞ்சம் பொறுத்துச் சொல்றோம்னுட்டாங்க."

"பயப்படத்தான் செய்வாங்க. முழங்கைன்னா சும்மாவா?" என்று இன்னொரு முட்டைக்கோஸ் சுருளை அவன் தட்டில் வைத்தாள். "தின்னு. உடம்பைத் தேத்து."

கிரிஸ்டா ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். "வெண்ணெய் டப்பான்னு வானொலியில பேசிக்கறாங்களேம்மா, நீ கேட்டியா?"

"எனக்கெதுக்குடி அந்தக் கருமாந்திரமெல்லாம்? வேலைவெட்டி இல்லாதவன் பேச்சு."

"ஆமா" என்றாள் கிரிஸ்டா. மறுபடி ஸ்பூனை எடுத்தாள்.

மகள் ஏன் கேட்டாள் என்று வேறு யாராக இருந்தாலும் யோசித்திருப்பார்கள். பெர்னடீன் யோசிக்கவில்லை. தன்னைத் தவிர மற்ற எல்லோரும் மந்தம் என்று அறுபத்தோரு வருடம் நம்பிய பிறகு, வீட்டுக்குள் ஒரு புத்திசாலி இருப்பாள் என்று எப்படித் தோன்றும்? செவ்வாய்க்கிழமை பேப்பரில், பேச்சுவார்த்தை நின்றுபோனது போலத்தான் என்று போட்டிருந்தான். அதைக் கத்தரித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள். ஸெனனிடம் மொத்தமாக மூன்று கிலோ தொத்திறைச்சி வாங்கினாள். குளிர்காலத்துக்கு மேல்மாடி ஜன்னலையெல்லாம் மாற்ற ஆள் பேசினாள். வாண்டாவுக்கு மூன்று வயதானதும் அவளைத் தான் வேலை பார்த்த பள்ளியின் மழலை வகுப்பில் சேர்ப்பதாக அங்கிருந்த கன்னியாஸ்திரியிடம் சொல்லியும் வைத்தாள். பெற்றவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டியது என்று அவளுக்குத் தெரியாது.

கடைசி நாள் வந்தது. மில்லர்ஸுக்கு டெட்ராய்ட்டில் பகல் ஆட்டம். பெர்னடீன் பேஸ்பாலை அன்றைக்குத்தான் முதலிலிருந்து உட்கார்ந்து பார்த்தாள். ஆட்டம் அவளுக்கு முக்கியமில்லை, கடிகாரம்தான் முக்கியம். மாலைவரை அவன் அந்தச் சட்டையோடு அங்கே நின்றுவிட்டால் போதும். தொலைக்காட்சியில் பேசுகிறவர்களும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இனிமேல் ஒன்றும் நடக்காது, பையன் தப்பித்தான் என்றார்கள்.

பாதி ஆட்டத்தில் பிராடியைக் காணவில்லை. அவன் இடத்தில் வேறொருவன் கையுறையை மாட்டிக்கொண்டு ஓடினான். படம் பிடிக்கிறவன் உடனே வீரர்கள் உட்காரும் கூடாரத்தைக் காட்டினான். பிராடி தொப்பியில்லாமல் நின்றான். பயிற்சியாளர் அவன் காதில் என்னவோ சொன்னார். பிறகு அவனைக் கட்டிக்கொண்டார். அவர் விட்டதும் இன்னொருவன் கட்டிக்கொண்டான், அதற்கப்புறம் இன்னொருவன். எல்லோரும் வரிசையாக வந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் ஜூலை கடைசி நாளில் அடிபடாத ஒருவனைக் கூடாரத்தில் கட்டிக்கொள்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: அவனைக் கொடுத்தாயிற்று. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். பெர்னடீனுக்கும் தெரியும். இருந்தாலும் கையைத்தான் பார்த்தாள். கை வலிக்கிறது போலிருக்கிறது, அதனால்தான் வெளியே எடுத்திருக்கிறார்கள், பொய் உண்மையாகிவிட்டது, அவ்வளவுதான் என்று தனக்கே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். ஆயுளில் முதல்முறையாக மாப்பிள்ளையின் கை உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். தொலைக்காட்சிக்காரன் டெனிங்கர் வருகிறான் என்று கத்தினான். தெருவில் கார்கள் ஹாரன் அடித்தன. எதிர்வீட்டில் யாரோ விசில் அடித்தான்.

பின்படிக்கட்டில் அவள் அவ்வளவு வேகமாக ஏறி யாரும் பார்த்ததில்லை.

"கிரிஸ்டா! பாத்தியாடி? அந்தப் பாவிங்க..."

கிரிஸ்டா படுக்கையறையில் நின்றுகொண்டிருந்தாள். கட்டில்மேல் இரண்டு பெட்டி திறந்து கிடந்தது. ஒன்று நிறைந்திருந்தது. இப்போது கேள்விப்பட்டு இப்போது அடுக்கிய பெட்டி இல்லை அது.

"மெதுவாப் பேசும்மா. வாண்டா இப்பத்தான் தூங்கினா."

"நின்னுபோச்சுன்னு பேப்பர்ல போட்டானே? முழங்கைன்னு பயந்தாங்களே?"

"பயந்தாங்க. நேத்து ஆபீஸுக்குப் போன் பண்ணி நான்தான் சொன்னேன்."

"என்னத்தைச் சொன்னே?"

"லொரைன், ஐரீன், ஸ்டான், எல்லாம் எங்கம்மான்னு சொன்னேன். கை நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்."

பெர்னடீன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள்.  வேறொன்று வந்தது.

"அந்த மரம் சொல்லச் சொன்னானா?"

கிரிஸ்டா சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "அவரா? டாக்டர் கேட்டப்ப அவரு என்ன சொன்னாரு தெரியுமா? வலிக்குதுன்னு சொன்னாரு. ஒரு வலியும் இல்ல. வானொலியில யாரு பேசறதுன்னு மொத நாளே அவருக்குத் தெரியும்மா. வெண்ணெயை வேற யாரு சொல்லுவாங்க? மைதானத்துல அவ்வளவு பேரு கத்தினாங்களே, பொறுத்துக்கிட்டு, டாக்டர்கிட்ட முகத்தைச் சுளிச்சுக்கிட்டு நின்னாரு. 'உங்கம்மா தனியா ஆயிடுவாங்க கிரிஸ்டா, இங்கயே இருந்துடலாம்'னு எங்கிட்டக் கெஞ்சினாரு. அவருக்கு இந்த வீடு பிடிச்சிருந்துச்சு. உன்னையும் பிடிச்சிருந்துச்சு, ஏன்னு எனக்குத் தெரியல."

"அப்ப?"

"எனக்குத்தான்மா முடியல." கிரிஸ்டா நிறுத்தாமல் துணியை மடித்தாள். "அண்ணன்ங்க ரெண்டு பேரும் பனிக்கா பயந்து போனாங்கன்னு நெனச்சே? எம்பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேக்கறதைக் கன்னியாஸ்திரி சொல்லித் தெரிஞ்சுக்கறேன் நான். அவரு இருக்கலாம்னாரு. நான் போகலாம்னேன்."

"அவன் வரட்டும். நான் பேசிக்கறேன் அவன்கிட்ட."

"வரமாட்டாரும்மா. டெட்ராய்ட்டுலேர்ந்து நேரா அங்கதான். நாளைக்கு நாங்க விமானம் ஏறணும்."

கீழே அவள் அணைக்காமல் விட்டுவந்த தொலைக்காட்சி கத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் இது நகரத்தின் வரலாற்றிலேயே மிகச் சிறந்த நாள் என்றான். பெர்னடீன் சுற்றிலும் பார்த்தாள். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. கதவுக்குப் பின்னால் கொக்கியில் வாண்டாவுக்காக அவள் வாங்கிய குளிர்காலக் கோட்டு தொங்கியது. சிவப்பு. இரண்டு வருடத்துக்கு வரட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியது. அதை எடுத்து, தூசி இல்லாத தோளைத் தட்டி, பெட்டியை நோக்கி நீட்டினாள்.

"அது வேண்டாம்மா" என்றாள் கிரிஸ்டா. "அங்க குளிரே கிடையாது."

பெர்னடீன் கோட்டைக் கட்டிலில் வைத்து மடித்தாள். கோட்டின் கை மடிப்புக்குள் சரியாகப் போகவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.